மருந்து அடித்த அறை

அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று முதலாளி தேவராஜன் கேட்டார். கேட்ட இடம், காக்களூரில் இருந்த அவருடைய சின்ன மருந்துக் கம்பெனியின் ஆபீஸ் அறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம், பொங்கல் வருவதற்கு நாலு நாள் இருந்தது. எதிரே நோட்டுப் புத்தகத்தோடு நின்றவள் கோதைநாயகி. வயது இருபத்தாறு. ஒரு மருந்து மனிதர் வயிற்றுக்குப் போவதற்கு முன்னால் அதை எலிகளிடம் கொடுத்துப் பார்க்கிற படிப்பு படித்தவள். கம்பெனியில் அந்தப் படிப்பு படித்த ஆள் அவள் ஒருத்திதான்.

தேவராஜனின் யோசனை காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. தூக்கம் வராதவர்களுக்குக் கொடுக்கிற மருந்துகளில் இரண்டை அவர் பொறுக்கி எடுத்திருந்தார். ஒன்று ஆளை அடித்துப் போட்ட மாதிரி தூங்க வைக்கும். மற்றது மனசின் படபடப்பை அடக்கும். இரண்டையும் பாதிப் பாதி எடுத்து ஒரே மாத்திரையில் போட்டுவிட்டால் எதுவும் அளவுக்கு மீறாது, தூக்கமும் சுகமாக வரும் என்பது அவர் நினைப்பு. சித்திரைக்குள் மாத்திரை கடைக்கு வந்துவிட வேண்டும் என்று அட்டைப் பெட்டிக்கு நிறம் கூடத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார்.

அந்த மருந்துகளின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தூங்குகிற எலி எழுந்துவிடும். ஆகவே பாட்டிலில் ஒட்டிய சீட்டின் நிறத்தை வைத்து, முதலாவதை வெள்ளை என்றும் இரண்டாவதை மஞ்சள் என்றும் எலிக் கொட்டகையில் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளையை மட்டும் முழு அளவு ஊசி போட்டால் ஒரு வெள்ளெலி ஒன்றரை மணி நேரம் தூங்கும். பாதி வெள்ளையும் பாதி மஞ்சளும் போட்டால், முதலாளி கணக்குப்படி, அதே ஒன்றரை மணி நேரம்தான் தூங்க வேண்டும். எலிகளுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. சராசரியாக ஐந்து மணி நேரம் தூங்கின. பன்னிரண்டில் மூன்று எழுந்திருக்கவே இல்லை.

"அரையும் அரையும் ஒண்ணுதானேம்மா?" என்றார் தேவராஜன் மறுபடியும்.

"இந்த ரெண்டு மருந்துல அது மூணாயிடறது சார். ஒண்ணு இன்னொண்ணைத் தூக்கி விடறது. இதை மனுஷாளுக்குக் குடுக்க முடியாது."

தேவராஜன் கெட்டவர் இல்லை. ஆனால் அட்டைப் பெட்டிக்கு நிறம் பார்த்துவிட்ட மனிதர். "இன்னொரு தடவை பாருங்க. பூவராகவன் சாரை வரச்சொல்றேன். அவரே பக்கத்துல இருந்து பார்க்கட்டும்" என்று முடித்துவிட்டார். பூவராகவன் மெட்ராஸில் மருந்தியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். மாதம் இரண்டு முறை ரயிலேறி வந்து கம்பெனிக்கு ஆலோசனை சொல்லிவிட்டுப் போவார்.

கோதையின் வீடு திருவள்ளூரில், கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம். "விடியக்காலம்பற பெருமாளை எழுப்பற வம்சம்டி நாம. நீ என்னடான்னா எலியைத் தூங்கப் பண்ணப் போறே" என்று, அவள் சைக்கிளை வெளியே எடுக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கோதையும் சிரித்துவிட்டுப் போவாள். அன்று சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தான் எழுதிய எண்களை இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை என்ற கர்வம் அவளுக்கு உண்டு. அந்தக் கர்வத்தில் பாதிக்கு மேல் சின்னப்பொண்ணுக்குப் போய்ச் சேர வேண்டியது.

சின்னப்பொண்ணு எலிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவள். முப்பத்துநாலு வயது, காக்களூர்க்காரி. நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், நட்ட நிலத்திலேயே கம்பெனிகள் வந்துவிட்டதால் கம்பெனி வேலைக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. எண் எழுதுவாள், கடிகாரம் பார்ப்பாள். இதெல்லாம் ஒரு தகுதியா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் அவள் கையைப் பார்க்க வேண்டும். கூண்டுக்குள் கையை விட்டால் எலி ஓடாது. கடிக்கிற எலியும் அவளிடம் கடிக்காது. ஊசி போடுவதற்கு ஒரு எலியைத் தோளோடு சேர்த்துப் பிடித்தாளானால், அது தன்னை யாரோ கொஞ்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். படித்துப் பட்டம் வாங்கிய கோதைக்கு அந்தப் பிடி இன்றுவரை வரவில்லை. தனக்கு வராது என்பதை அவள் ஒப்புக்கொண்டும்விட்டாள்.

தூக்கத்தை அளப்பது எப்படி என்றால், ஊசி போட்ட எலி தூங்கியதும் அதை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். மருந்து வேலை செய்கிற வரை அது நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே கிடக்கும். தெளிந்ததும் தானாகப் புரண்டு நாலு காலில் நிற்கும். உடனே மறுபடியும் மல்லாத்த வேண்டும். மறுபடியும் புரண்டால்தான் விழித்ததாகக் கணக்கு. இதைச் சொல்வது சுலபம். பன்னிரண்டு எலிகளையும் ஒரு கடிகாரத்தையும் மணிக்கணக்கில் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது சுலபமில்லை. கோதை ஊசி போட்டுவிட்டு அடுத்த அறையில் வேறு வேலை பார்ப்பாள். "நாலாம் நம்பர் புரண்டுச்சு! பத்து அம்பத்திரண்டு!" என்று சின்னப்பொண்ணின் குரல் வரும். கரும்பலகையில் எழுதியும் வைப்பாள். கோதை வந்து நோட்டில் ஏற்றுவாள். இரண்டு வருஷமாக இதுதான் முறை.

இரண்டாவது சோதனை பிப்ரவரி கடைசியில் நடந்தது. பூவராகவன் தன்னுடைய நிறுத்துக் கடிகாரத்தையே கொண்டு வந்திருந்தார். நாற்காலியைப் போட்டுக்கொண்டு தானே உட்கார்ந்தார். எலியைப் பிடித்துக் கொடுப்பது மட்டும் சின்னப்பொண்ணின் வேலை என்று சொல்லிவிட்டார்.

ஊசி போடுவதற்கு முன் கோதை வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "எலிகளுக்கு வேற எந்த மருந்தும் குடுக்கலையே?"

"இல்லம்மா. நீங்க குடுக்காத மருந்த நான் இன்னாத்துக்குக் குடுக்கப் போறேன்?"

பாதி வெள்ளையும் பாதி மஞ்சளும் சேர்ந்து போட்ட எலிகள் ஒன்றரை மணி நேரம்கூட முழுசாகத் தூங்கவில்லை. எண்பத்தைந்து நிமிஷத்தில் எல்லாம் சுறுசுறுப்பாகப் புரண்டு உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டன. ஒன்றுகூடச் சாகவில்லை. செய்தி கேட்ட தேவராஜன் தானே எழுந்து கொட்டகைக்கு வந்துவிட்டார். "பாத்தீங்களா? அரையும் அரையும் ஒண்ணு!"

பூவராகவன் ஜனவரி நோட்டைப் புரட்டினார். "இந்த நேரமெல்லாம் யாரும்மா பார்த்தது?"

"சின்னப்பொண்ணு சார்."

"என்ன படிச்சிருக்கா?"

"மூணாங்கிளாஸ்."

பூவராகவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை மூடி வைத்தார், அவ்வளவுதான். மிச்சத்தைத் தேவராஜன் சொல்லி முடித்தார். "எலியோட சேர்ந்து அந்தம்மாவும் தூங்கிருக்கும். முழிச்சுப் பாத்து வாயில வந்த நேரத்தைச் சொல்லிருக்கும். ஊசிக்கு எலி பிடிக்கறப்போ போட்ட எலியையே மறுபடி பிடிச்சுக் குடுத்திருக்கும், அதான் மூணு செத்துடுச்சு. இந்த மாசத்தோட அனுப்பிடலாம். நீங்க திங்கக்கிழமை இந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுடுங்க."

சின்னப்பொண்ணு கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் காதில் விழுமே என்று யாரும் யோசிக்கவில்லை. இரண்டு பேரும் போன பிறகு அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "கோதைம்மா, நான் தூங்கலம்மா" என்று மட்டும் சொன்னாள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு நொடி கோதைக்கே சந்தேகம் தட்டியது. பேராசிரியர் பார்த்த கடிகாரம் ஒரு பக்கம், கரும்பலகை எழுத்து மறுபக்கம். யாராக இருந்தாலும் தட்டும். அந்த நொடிக்காக அவள் பின்னால் பல முறை வெட்கப்பட்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளையை மட்டும் முழு அளவு போட்ட எலிகளும் இரண்டு சோதனையிலும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஜனவரியில் அவை தொண்ணூற்றிரண்டு நிமிஷம் தூங்கியிருந்தன. இப்போது நாற்பதே நிமிஷம். பழைய நோட்டுகளை எடுத்தாள். இரண்டு வருஷமும் தொண்ணூறை ஒட்டித்தான் இருந்தது. புத்தகங்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்லின. சின்னப்பொண்ணு சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். பேராசிரியரும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மாறியது எலிகள்.

கோதை நேராகக் கொட்டகைக்குப் போனாள். சின்னப்பொண்ணு கூண்டுகளில் உமி மாற்றிக்கொண்டிருந்தாள். வேலை போகப் போகிறது என்பதற்காக உமி மாற்றாமல் இருக்க முடியுமா?

"சின்னப்பொண்ணு, பொங்கலுக்கு அப்புறம் இந்த ரூம்ல என்ன மாறித்து?"

"இன்னா மாறுச்சு? ஒண்ணும் மாறலியேம்மா. அதே உமி, அதே கடலை."

"தண்ணி?"

"அதே கெணத்துத் தண்ணிதான்."

"வெளியாள் யாராவது உள்ள வந்தாளா?"

"இந்த நாத்தத்துக்கு ஆரு வருவாங்க?" மூக்கை ஒரு முறை உறிஞ்சிவிட்டு அவளே சொன்னாள்: "இப்ப எவ்வளவோ தேவலம்மா. மருந்து அடிச்ச புதுசுல உள்ள நின்னுக்கினு இருக்க முடியாது. கண்ணு எரியும்."

கோதை கையில் இருந்த நோட்டைக் கூண்டின் மேல் வைத்தாள். "என்ன மருந்து?"

"எறும்பு மருந்தும்மா."

"வேற மருந்து குடுத்தியான்னு உன்னை நான் கேட்டேனே!"

"எலிக்கு வேற மருந்து குடுத்தியான்னு கேட்டீங்க. நான் எலிக்கா குடுத்தேன்? செவுத்துக்குல்ல அடிச்சேன்!"

கோதைக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இருமலுக்குக் குடிப்பதும் மருந்து, வயலுக்கு அடிப்பதும் மருந்து, கரையானைக் கொல்வதும் மருந்து, துப்பாக்கியில் போடுவதும் மருந்து. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் குடும்பம் நடத்திவிட்டு, இன்றைக்கு ஒரு ஆராய்ச்சிக்காரி மட்டும் அது தன் மருந்தைத்தான் குறிக்கும் என்று நினைத்துக்கொண்டால் யார் தப்பு? சின்னப்பொண்ணு கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தாள்.

நடந்தது இதுதான். கொட்டகைக்கு அடுத்த கட்டிடத்தில் இருமல் சிரப் காய்ச்சுகிறார்கள். சர்க்கரை இருக்கிற இடத்தில் எறும்பு இல்லாமல் இருக்குமா? பொங்கல் கழிந்து படை படையாகச் சிவப்பு எறும்பு இங்கேயும் வந்துவிட்டது. மருந்தில் தூங்குகிற எலி கண்ணை மூடுவதில்லை. "கண்ணத் தெறந்துக்கினே கெடக்குதும்மா. எறும்பு கண்ணு மேலயே குந்திக்கினு துன்னுது. எத்தினின்னு ஊதி ஊதி உடுவேன்?" என்றாள் சின்னப்பொண்ணு. கிடங்கில் இருந்த சின்னதுரையிடம், மரப்பெட்டிகளுக்குக் கரையான் வராமல் அடிக்கிற எண்ணெய் மருந்தும் கைப் பம்பும் இருந்தன. அதை வாங்கி வந்து, சுவரோரம், தரை, கூண்டு நிறுத்தியிருக்கிற தாங்கி என்று ஒரு மூலை விடாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடித்திருக்கிறாள். எறும்பு போய்விட்டது. எலிகள் அந்த நெடியிலேயே இருந்தன.

கோதை சனிக்கிழமை மெட்ராஸ் போய் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தாள். வெளிநாட்டில் ஒரு ஆய்வுக்கூடத்திலும் இதே கதை நடந்திருந்தது. பூச்சி மருந்து அடித்த அறையில் இருந்த எலிகள் சீக்கிரம் விழித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நெடி உடம்புக்குள் போனால் ஈரல் உஷாராகிவிடுகிறது. பிறகு எந்தத் தூக்க மருந்து வந்தாலும் மளமளவென்று அழித்துத் தீர்த்துவிடுகிறது. நெடி போன பிறகும் பல நாள் அந்த வேகம் அடங்குவதில்லை. முதலாளியின் மாத்திரை நல்லதாகிவிடவில்லை. எலிகளின் ஈரல்தான் அதைத் தாங்குகிறபடி ஆகியிருந்தது. அதைச் சாப்பிடப் போகிற மனிதர்கள் யாரும் எறும்பு மருந்து அடித்த அறையில் குடியிருக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பொண்ணின் வீட்டுக்கே போய் இதைச் சொன்னாள் கோதை. சொல்லிவிட்டுத் தயங்கினாள். "இதை வெளியில சொன்னா, கேக்காம மருந்து அடிச்சது நீன்னு முதலாளிக்குத் தெரிஞ்சுடும். அதுக்கும் அவர் கோபப்படுவார்."

"சொல்லுங்கம்மா. அடிச்சது அடிச்சதுதானே. அதுக்கு அனுப்பினாருன்னா போறேன்." சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூங்கிட்டேன்னு சொன்னாரு பாருங்க, அதான்மா பேஜாரா கீது. எங்க தெருவுல போய் இன்னா சொல்வேன்?"

திங்கட்கிழமை கோதை கையெழுத்துப் போடவில்லை. பூவராகவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் முதலில் சுருங்கியது. தான் உட்கார்ந்து பார்த்த சோதனையைத் தப்பென்று சொன்னால் யாருக்குச் சுருங்காது? ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்திருக்கிறார். இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்துவிட்டு, "நம்மகிட்ட மருந்து அடிக்காத எலி இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. முற்றத்தின் மறுகோடியில் எலி வளர்க்கிற கொட்டகை. அங்கே தாங்கிகளின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பதால் எறும்பு ஏறாது, மருந்தும் அடிக்கவில்லை. அங்கிருந்து பன்னிரண்டு, மருந்து அடித்த அறையிலிருந்து பன்னிரண்டு. இருபத்துநாலுக்கும் கோதை கலந்து நம்பர் போடுவது. எது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. எல்லாவற்றுக்கும் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். பூவராகவன் தன் கடிகாரத்தில் பார்ப்பார், சின்னப்பொண்ணு சுவர்க் கடிகாரத்தில் பார்ப்பாள். தனித்தனியாக எழுதுவார்கள்.

தேவராஜன் ஒப்புக்கொண்டார், தன் வழியில். "ஜனவரியில மூணு செத்துதுன்னு எழுதியிருக்கு. நாளைக்கும் மூணு செத்தா நான் நம்பறேன், மாத்திரையை விட்டுடறேன். இல்லன்னா அந்தம்மா நாளைக்கே போகணும்."

"எலியெல்லாம் அப்படிக் கணக்கு வெச்சுண்டு சாகாது, தேவராஜன்" என்றார் பூவராகவன்.

"எனக்குக் கணக்குதான் சார் தெரியும்."

மறுநாள் காலை எட்டரைக்கு, பேக்கிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரு அறையில் ஆரம்பித்தார்கள். கோதை ஊசி போட்டாள். ஒன்பது மணிக்கு இருபத்துநாலும் மல்லாக்கக் கிடந்தன. பத்து மணியைத் தொடும்போது ஒவ்வொன்றாகப் புரள ஆரம்பித்தன. "மூணு." "பதினொண்ணு." "இருவது." பத்தரைக்குள் பன்னிரண்டு எலிகள் எழுந்துவிட்டன. பிறகு நின்றுவிட்டது. மிச்சம் பன்னிரண்டும் அசையவே இல்லை. பூவராகவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். இரண்டு பேர் எழுதியதையும் கோதை ஒப்பிட்டாள். ஒரு எலிக்குக் கூட ஒரு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசமில்லை.

பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. சின்னப்பொண்ணு சாப்பிடப் போகவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள், அதுவும் கண்ணை எடுக்காமல். பன்னிரண்டேகாலுக்கு ஒரு எலியும் ஒன்றே முக்காலுக்கு ஒரு எலியும் உயிரை விட்டன. ஒன்றரைக்குப் பிறகு மற்றவை நின்று நின்று புரண்டன. கடைசியாக மூன்று மணிக்கு ஒன்று. அத்தோடு ஒன்பது எழுந்துவிட்டன, இரண்டு செத்துவிட்டன. மிச்சம் பதினேழாம் நம்பர்.

மூன்றே முக்காலுக்குத் தேவராஜன் வந்து கதவருகே நின்றார். பூவராகவன் குனிந்து பதினேழைத் தொட்டார். வாலைக் கிள்ளினார். அசைவில்லை. உடம்பு ஜில்லென்றிருந்தது. பேனாவைத் திறந்தார். "போயிடுத்து. மூணு."

கோதை அவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தாள். எலியின் மீசை ஒரு முறை, ஒரே ஒரு முறை, அசைந்ததை அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். மூன்று என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. சின்னப்பொண்ணுக்கு வேலை இருக்கும், மாத்திரை வராது, எத்தனையோ பேர் பிழைப்பார்கள். எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் சாகப் போகிற எலிதானே? கோதை ஒன்றும் சொல்லவில்லை.

"எழுதாதீங்க சார்" என்றாள் சின்னப்பொண்ணு. "மூச்சு கீது."

"இல்லம்மா, நான் பார்த்தாச்சு."

சின்னப்பொண்ணு ஊசிக்கு வைத்திருந்த பஞ்சிலிருந்து ஒரு இழை பிரித்து எலியின் மூக்குக்கு நேரே பிடித்தாள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். வெகு நேரம் கழித்து இழை நடுங்கியது. பிறகு இன்னொரு முறை.

தேவராஜன் ஒரு அடி உள்ளே வந்தார். "அது செத்தாத்தான் உனக்கு வேலை. தெரியுமில்ல?"

"தெரியும் மொதலாளி." அவள் பஞ்சிழையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அதுக்கோசரம் உசுரோட கீறத செத்துட்டுதுன்னு எழுத முடியுங்களா?"

பூவராகவன் எழுதாமல் பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னப்பொண்ணு, "கொஞ்சம் கையில வெச்சி சூடு காட்டட்டுங்களா?" என்று கேட்டாள். மற்ற எலிகளுக்குச் செய்யாததை இதற்குச் செய்யக்கூடாது என்றார் அவர். சரி என்று இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த எலியையும் கையில் எடுத்து ஆறுதல் செய்கிற அந்தக் கைகள் ஒரு மணி நேரம் அப்படியே மடியில் கிடந்ததை கோதை பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பட்டம் வாங்கினால் இப்படி உட்கார முடியும்?

நாலே முக்காலுக்குப் பின்னங்கால் ஒன்று உதறியது. அப்புறம் தலை. "எந்திரிடி, எந்திரி" என்று சின்னப்பொண்ணின் உதடு மட்டும் அசைந்தது. அது எழுந்தால் தன் வேலை போய்விடும் என்பதையே அவள் மறந்துவிட்டாள் போலிருந்தது. எலி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சறுக்கி, மறுபடி முயன்று, நாலு காலில் நின்றது.

"பதினேழு புரண்டுச்சு! நாலு அம்பத்தஞ்சு!"

குரல் அறை முழுக்கக் கேட்டது. அவளே அதை மறுபடி மல்லாத்தினாள். அது மறுபடி புரண்டது. பூவராகவன் தன் கடிகாரத்தைப் பார்த்து அதே நேரத்தை எழுதினார்.

"அப்போ ரெண்டுதான்" என்றார் தேவராஜன். ஆனால் அவர் குரலில் வெற்றி இல்லை.

"ரெண்டுதான்." கோதை நீட்டிய நம்பர்க் கணக்கைப் பூவராகவன் பார்த்தார்; பத்தரைக்குள் எழுந்த பன்னிரண்டும் மருந்து அடித்த அறை எலிகள். பேனாவை மூடிப் பையில் செருகினார். "தேவராஜன், இந்த எலி எட்டு மணி நேரம் தூங்கியிருக்கு. மாத்திரையை மறந்துடுங்கோ. ஜனவரி நோட்டை இனிமே நான் சந்தேகப்பட மாட்டேன். தனக்கு வேணுங்கற ஒரு சாவை எழுத விடாதவ, வேண்டாத நேரத்தையா எழுதிருக்கப் போறா? அன்னிக்கு மூணாங்கிளாஸ்னு கேட்டுட்டு நான் வாயை மூடிண்டு இருந்தேனே, அது என் தப்பு."

தேவராஜன் கொஞ்ச நேரம் எலியைப் பார்த்தார், பிறகு சின்னப்பொண்ணைப் பார்த்தார். அட்டைப் பெட்டிகளின் நிறம் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். "அந்தக் கொட்டகையிலயும் கிண்ணம் வெச்சுக்கோ. கண்ட மருந்தை அடிக்காதே" என்று சின்னப்பொண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அவளை வேலையில் வைத்துக்கொண்டார் என்பதற்கு அதைவிட வேறு வார்த்தை அவரிடம் கிடையாது.

பூவராகவன் கோட்டைப் போட்டுக்கொண்டே கோதையைப் பார்த்துச் சிரித்தார். "நன்னா பழக்கி வெச்சிருக்கேம்மா இவளை."

கோதைக்குக் காது சுட்டது. அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"நான் பழக்கலை சார். மீசை அசைஞ்சதை நானும் பார்த்தேன். இவங்களுக்கு முன்னாடியே பார்த்தேன். தெரிஞ்சேதான் வாயைத் திறக்காம இருந்தேன். சொன்னது இவங்க."

பூவராகவன் திரும்பி நின்றுவிட்டார். சின்னப்பொண்ணு பதினேழாம் நம்பரைக் கையில் எடுத்து, முந்தானைக்குள் வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கோதையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

"அட போங்கம்மா. நீங்க சொல்லத்தான் வாயெடுத்தீங்க. நான் முந்திக்கினேன், அவ்ளோதான்."

கோதை அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். சின்னப்பொண்ணு சொல்லி அவள் கேட்ட பொய் அது ஒன்றுதான்.